இரண்டு வார டீச்சர் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் இளைஞர் இணைப்பில், கல்லூரி விடுமுறையில் வெளிநாடு போய் அநாதை இல்லங்களில் இருக்கும் ஆதரவற்ற குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. நேபாளம், கம்போடியா என்று நாடுகளின் பெயர்கள் இருந்தன. இரண்டு வாரத்திலிருந்து நான்கு வாரம் வரை தங்கலாம், ஆங்கிலம் பேசத் தெரிந்தால் போதும், ஆசிரியர் பயிற்சி தேவையில்லை, திரும்பும்போது சான்றிதழ் உண்டு, மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கையில் அது கைகொடுக்கும் என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். எங்கள் தெருவில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கும் பெண் ஒருத்தி அந்தப் பக்கத்தை மடித்து எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். “ஆன்ட்டி, நீங்க மலேசியாவுல இப்படித்தானே கிளாஸ் எடுத்தீங்க? நான் போகலாமா?” என்று கேட்டாள். அவளிடம் வாயால் சொன்னதைக் கொஞ்சம் விரித்து உங்களுக்கு எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். வெட்டிப் போடுவது உங்கள் உரிமை.

ஆசிரியர் பயிற்சி தேவையில்லை என்ற அந்த வரியோடுதான் எனக்கு முதல் தகராறு. நான் முப்பது வருடத்துக்கு மேல் கணக்கு டீச்சராக இருந்தவள். அப்பா, அம்மா, வேளாவேளைக்குச் சாப்பாடு, டியூஷன் என்று எல்லாம் இருக்கிற பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கவே நாம் பி.எட். கேட்கிறோம், தகுதித் தேர்வு கேட்கிறோம். வீடும் நாடும் போன பிள்ளைக்கு மட்டும் யார் வந்தாலும் போதுமா? திருச்சியில் ஏதாவது ஒரு தனியார் பள்ளி, ‘விடுமுறைக்கு வந்திருக்கும் வெளிநாட்டுக் கல்லூரி மாணவர்கள் இரண்டு வாரம் உங்கள் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் எடுப்பார்கள்’ என்று சுற்றறிக்கை அனுப்பிப் பார்க்கட்டும். மறுநாள் காலையில் தலைமை ஆசிரியர் அறை வாசலில் பெற்றோர் கூட்டம் நிற்கும்.

போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நானும் போனவள்தான். ஓய்வு பெற்ற பிறகு கோலாலம்பூரில் வேலை பார்க்கும் மகன் வீட்டில் போய்த் தங்கினேன். பேரனைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டால் பகல் முழுக்க எனக்கு வேலை இல்லை. அங்கே கோயிலில் பழக்கமான ஒரு மலேசியத் தமிழ்ப் பெண்மணி, புடு பக்கத்தில் ஒரு கடைவீட்டின் மாடியில் அகதிப் பிள்ளைகளுக்கான கற்றல் மையம் இருக்கிறது, கணக்குக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கூட்டிக்கொண்டு போனார். மையத்தின் பெயரை நான் எழுதப் போவதில்லை. பெயர் வெளியே தெரிவது அங்குள்ளவர்களுக்கு நல்லதில்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

நம் வாசகர்கள் பலருக்கு இது புதிய செய்தியாக இருக்கலாம். 1951ஆம் ஆண்டின் ஐ.நா. அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா கையெழுத்திடவில்லை. அந்த நாட்டுக் குடிநுழைவுச் சட்டத்துக்கு அகதி, அனுமதியில்லாமல் வந்தவர் என்ற வித்தியாசமே கிடையாது. ஐ.நா. அகதிகள் ஆணையம் பதிவு செய்து ஒரு அட்டை தருகிறது. எல்லோரும் ‘யூஎன் கார்டு’ என்பார்கள். அதை வைத்திருப்பவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல், பெரும்பாலும் மியான்மரிலிருந்து வந்த ரோஹிங்கியா, சின் மக்கள். அந்த அட்டையை வைத்துச் சட்டப்படி வேலை பார்க்க முடியாது, அரசுப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கவும் முடியாது. மலாய்ப் பள்ளி, சீனப் பள்ளி தவிர ஐநூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளும் அரசு அங்கீகாரத்தோடு நடக்கிற நாடு அது. ஆனால் இந்தப் பிள்ளைகளுக்கு எதிலும் இடமில்லை. அதனால் அகதிச் சமூகங்களே, தேவாலயங்கள், தொண்டு அமைப்புகள், ஐ.நா. ஆணையம் ஆகியவற்றின் உதவியோடு நூற்றுக்கும் மேற்பட்ட கற்றல் மையங்களை நடத்துகின்றன. அரசுச் சான்றிதழ் எதுவும் அங்கே கிடைக்காது. வசதி உள்ள மையங்கள் பெரிய பிள்ளைகளைத் தனித்தேர்வராக ஐஜிசிஎஸ்இ என்ற, பத்தாம் வகுப்புக்கு நிகரான சர்வதேசத் தேர்வை எழுத வைக்கின்றன. அதற்கு வேண்டிய கட்டணத்தைத் திரட்டுவதே ஒரு தனிப் பாடு.

நான் போன மையத்தில் படித்தவர்கள் சின் பிள்ளைகள். இந்தியாவின் மிசோரமை ஒட்டிய மலைப்பகுதிக்காரர்கள். தகப்பன்மார் புக்கிட் பிந்தாங் பக்கத்து உணவகங்களில் பாத்திரம் கழுவுகிறவர்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள். பாதிப் பேர் வீட்டில் அம்மாவும் வேலைக்குப் போய் நள்ளிரவு தாண்டித்தான் திரும்புவார். ஒட்டுப்பலகை அடித்துப் பிரித்த மூன்று அறைகள். இந்தப் பக்கம் நான் வகுத்தல் சொன்னால் அந்தப் பக்கம் ஆங்கில வாசிப்பு கேட்கும். வயதுப்படி வகுப்பு கிடையாது, தெரிந்த அளவுப்படிதான். 2021 பிப்ரவரியில் மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு, அதே ஆண்டு சின் மலைப்பகுதியில் தந்த்லாங் ஊரே எரிந்தது. அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதினான்கு வயதுப் பையன் ஒருவன் எட்டு வயதுப் பிள்ளைகளோடு முழங்காலை மடக்கிச் சின்ன நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். மூக்கும் முழியுமாகக் குழந்தைகள் கன்னத்தில் தனக்கா, அதாவது பர்மாக்காரர்கள் பூசும் மரப்பட்டைச் சாந்து, பூசிக்கொண்டு வருவார்கள். என் அக்கா ரங்கூனில் பிறந்தவர். 1964இல் கடைகளையெல்லாம் அரசுடைமையாக்கி, ஐம்பது, நூறு சாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்த பிறகு கப்பலேறி மதராஸ் வந்த குடும்பம் எங்களுடையது. தனக்கா வாசனை எனக்குப் பாட்டி வாசனை. அந்தப் பெருமையில் ‘எங்கள் அக்கா உங்கள் ஊர்க்காரர்தான், ரங்கூன்’ என்று முதல் நாளே சொன்னேன். “ரங்கூனா? நாங்கள் அங்கே போனதே இல்லை, சயாமா” (டீச்சரம்மா) என்று சொல்லிவிட்டு நோட்டைத் திறந்தார்கள்.

இப்போது அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொஞ்சம் பெரிய பிள்ளைகள் வகுப்பில் ஒரு பெண்ணின் கணக்கு நோட்டை வாங்கிப் புரட்டினேன். அரை, கால், முக்கால் என்று வட்டம் போட்டு, கோடு கிழித்து, வண்ணம் அடித்திருந்தது. அடுத்த பக்கம் ஒரே பகுதி உள்ள பின்னங்களின் கூட்டல். அதற்கடுத்து ‘வெல்டன்’ என்று ஒரு நட்சத்திரம். நாலு பக்கம் தள்ளி வேறு ஒருவர் கையெழுத்தில் மறுபடி அரை, கால், முக்கால். இந்த முறை வட்டத்துக்குப் பதில் பீட்சா. மறுபடி ஒரே பகுதி கூட்டல், ஒரு சிரிக்கும் முகம். அதற்கப்புறம் இன்னொருவர், சதுரம், சாக்லேட். எல்லோரும் அதே இடத்தில் நின்றிருந்தார்கள். பகுதி வேறு வேறாக இருந்தால், அதாவது அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டினால் என்ன என்று அந்தப் பெண்ணுக்கு ஒருவரும் சொல்லவில்லை. கெட்டிக்காரப் பெண். “இதை எத்தனை முறை படித்தாய்?” என்று கேட்டேன். தோளைக் குலுக்கினாள். புதிதாக யாராவது வந்தால் முதலிலிருந்துதான் தொடங்குவார்கள், நாங்களும் தெரியாதது போலவே உட்கார்ந்திருப்போம், அவர்கள் சந்தோஷப்படுவார்கள் என்றாள்.

வந்துபோனவர்கள் கெட்டவர்கள் இல்லை. சொந்தக் காசில் வண்ணப் பென்சில் வாங்கிக்கொண்டு வந்தவர்கள். ஆனால் இரண்டு வாரத்தில் பின்னத்தின் அந்தக் கஷ்டமான படியை எந்தக் கொம்பனாலும் தாண்டவைக்க முடியாது. மீச்சிறு பொது மடங்கு வேண்டும், அதற்கு வாய்ப்பாடு வேண்டும், அதற்கு இடையில் லீவு விட்ட பிள்ளையைப் பிடித்து உட்காரவைத்துத் திரும்பச் சொல்ல வேண்டும். நம் பள்ளிகளிலேயே அது ஒரு பருவம் முழுக்க இழுக்கும். எளிதான தொடக்கத்தைத் தொட்டுவிட்டுப் போவதற்குத்தான் இரண்டு வாரம் பற்றும்.

அப்படியானால் அந்த மையம் யாரால் நடக்கிறது? அகதி டீச்சர்களால். அங்கே முழுநேரமாக இருந்தவர்கள் சின் இளைஞர்கள். அதில் இருபத்தைந்து வயதைத் தாண்டாத ஒரு பெண், அதே மையத்தில் படித்து, அதே மையத்திலேயே கற்பிக்க வந்தவர். காலையில் முதல் ஆளாக வந்து ஷட்டரைத் தூக்குவார். எந்தப் பிள்ளை காலையில் சாப்பிடவில்லை, யார் வீட்டில் வாடகை பாக்கி, யாருடைய தகப்பனை எந்தத் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. போலீஸ் சோதனை நடக்கிறது என்று தகவல் வந்தால் எந்தத் தெரு வழியாகப் பிள்ளைகளை அனுப்புவது என்று முடிவெடுப்பதும் அவரே. சின் மக்களுக்குள்ளேயே மொழிகள் பல. ஹாக்கா பேசும் பிள்ளைக்கு ஹாக்காவில், ஃபலாம் பேசும் பிள்ளைக்கு ஃபலாமில் திட்டுவார். எனக்கு அந்தத் திட்டுகூடத் தெரியாது! அவருக்கு மாதம் கிடைத்தது ஆயிரம் ரிங்கிட்டுக்கும் குறைவு. அப்போது ஒரு ரிங்கிட் ஏறத்தாழ இருபது ரூபாய். கோலாலம்பூரில் அது அறை வாடகைக்கும் சோற்றுக்குமே இழுபறி.

கணக்கு என்றால் அவருக்கும் கொஞ்சம் பயம். அவரே பின்னத்தை அரைகுறையாகப் படித்தவர், பாவம். ஆகவே நான் வந்த வேகத்தில் கரும்பலகையைப் பிடித்துக்கொள்ளாமல், அவர் பாடம் எடுக்கட்டும், நான் கடைசி வரிசையில் உட்காருகிறேன் என்று மையத்தின் பொறுப்பாளரிடம் கேட்டுக்கொண்டேன். மதியம் பிள்ளைகள் போன பிறகு நானும் அவரும் இன்னும் இரண்டு டீச்சர்களும் மறுநாள் பாடத்தை உட்கார்ந்து போடுவோம். காகிதத்தை மடித்து அரையையும் மூன்றில் ஒன்றையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் ஏன் ஆறு கட்டம் வருகிறது என்று அவர்களே மடித்துப் பார்த்தார்கள். “இவ்வளவுதானா?” என்று ஒருவர் கேட்டார். இவ்வளவுதான். அதை மறுநாள் பிள்ளைகளுக்கு அவர்கள் தங்கள் மொழியில் சொன்னபோது, நான் ஆங்கிலத்தில் ஒரு வாரம் தொண்டை கிழியச் சொல்லியிருந்தாலும் ஏறாதது அரை மணியில் ஏறியது. நான் ஊர் திரும்பிய பிறகும் அந்தப் பாடம் நிற்கவில்லை. இப்போதும் சனிக்கிழமைகளில் வாட்ஸ்அப் வீடியோவில் டீச்சர்களோடு உட்காருகிறேன், இயற்கணிதம் ஓடுகிறது. நெட் மட்டும்தான் அவ்வப்போது கழுத்தறுக்கும்.

வெளியாள் ஒருவரால் உருப்படியாகச் செய்ய முடிந்தது இதுதான் என்பது என் துணிபு. கஷ்டத்தில் இருக்கும் பிள்ளைக்கு டீச்சர், நாளைக்கும் இருக்கிற ஆளாக இருக்க வேண்டும். வெளியூரிலிருந்து போகிறவர் அந்த டீச்சருக்குப் பின்னால் நிற்கலாம், அவர் இடத்தில் போய் நிற்கக் கூடாது.

இது எனக்கு மலேசியாவில் புதிதாக உதித்த ஞானம் ஒன்றும் இல்லை. நான் வேலை பார்த்த பள்ளிக்குக் திருச்சி கொட்டப்பட்டு அகதி முகாமிலிருந்து இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகள் வந்து படித்தார்கள். 1983க்குப் பிறகு படகில் வந்தவர்களின் பிள்ளைகளைத் தமிழ்நாடு தன் அரசுப் பள்ளிகளில் சேர்த்துக்கொண்டது. இந்தியாவும் 1951 உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாடுதான், ஆனாலும் இதைச் செய்தோம். இதை நாம் இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லிக்கொள்ளலாம், தப்பில்லை. மாலையில் முகாமுக்குள் அந்தப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுத்தவர்களும் முகாமில் இருந்த படித்த இளைஞர்களே. 1984இல் சந்திரஹாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் நடந்த விதமும் அதுதான், அகதிகளுக்காக அகதிகளே. அப்படிப் படித்துப் பொறியியல் வரை போனவர்கள் எங்கள் மாணவர்களிலேயே உண்டு. கொரோனாவுக்குப் பிறகு 2021இல் இல்லம் தேடிக் கல்வி வந்தபோதும் அரசு வெளியூரிலிருந்து ஆட்களை இறக்கவில்லை. அதே தெருப் பெண்களைத்தான் மாதம் ஆயிரம் ரூபாய் கொடுத்து உட்காரவைத்தது. ஆயிரம் ரூபாய் என்பது கேவலமான தொகை, அதைச் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் யோசனை சரியானது. பிள்ளை ஒரு நாள் வரவில்லை என்றால் ‘ஏன்டா வரலை’ என்று வீட்டு வாசலில் போய்க் கேட்க முடிகிற ஆள்.

கட்டுரையில் சொன்ன இல்லங்களின் கதை இதைவிட மோசம். வகுப்பறையில் நேரம் வீணாவதோடு அங்கே விஷயம் முடிவதில்லை. நேபாளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1996 முதல் 2006 வரை நடந்த மாவோயிஸ்ட் போர்க் காலத்தில், ஹும்லா போன்ற எட்டாத மலை மாவட்டங்களுக்குத் தரகர்கள் போனார்கள். காட்மாண்டுவில் நல்ல பள்ளியில் சேர்க்கிறோம் என்று பெற்றோரிடம் பணமும் வாங்கிக்கொண்டு பிள்ளைகளைக் கூட்டி வந்தார்கள். வந்த பிள்ளைகளுக்கு அப்பா அம்மா இல்லை என்று காகிதம் தயாரித்து இல்லங்களில் உட்காரவைத்தார்கள். அந்த நாட்டு இல்லங்கள் எங்கே குவிந்திருக்கின்றன தெரியுமா? காட்மாண்டு, லலித்பூர், பக்தபூர், பொக்ரா இருக்கும் காஸ்கி, சித்வன். சுற்றுலாப் பயணி போகிற இடமெல்லாம் இல்லம் இருக்கிறது. பிள்ளைகள் கஷ்டப்படும் மலைக் கிராமத்தில் இல்லை. இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். 2015 ஏப்ரல் நிலநடுக்கத்துக்குப் பிறகு, துணையில்லாமல் பிள்ளைகளை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுபோவதற்கு அரசு தடை போட வேண்டி வந்தது. புதிய இல்லங்கள் பதிவாவதையும் நிறுத்தி வைத்தார்கள். சுற்றுலா விசாவில் வருகிறவர் அங்கே தன்னார்வப் பணி செய்வது விதிமீறல். இந்தியருக்கு நேபாளம் போக விசாவே வேண்டாம் என்பதால் நம் பிள்ளைகளுக்கு அந்த விதி இருப்பதும் தெரிவதில்லை.

கம்போடியாவிலும் அதே கதைதான். 2005இல் 154 ஆக இருந்த அநாதை இல்லங்கள் 2010இல் 269 ஆயின. போர் முடிந்து, நாடு ஓரளவு நிமிர்ந்து, அநாதைகள் குறைய வேண்டிய காலம் அது. அங்கோர்வாட் பார்க்க வருகிற கூட்டம்தான் கூடியது. அங்கும் இல்லங்களில் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்குப் பெற்றோரில் ஒருவராவது இருந்தார். வெளிநாட்டுக்காரர் வந்து பார்த்து, பாடம் எடுத்து, கண்கலங்கி, பணம் கொடுப்பார் என்றால் காட்டுவதற்குப் பிள்ளைகள் வேண்டுமே. பிள்ளைகள் ஒல்லியாக இருந்தால் பணம் இன்னும் கூடக் கிடைக்கும் என்பதையும் சிலர் கண்டுபிடித்தார்கள். 2018இல் ஆஸ்திரேலியா நவீன அடிமைமுறைத் தடுப்புச் சட்டம் கொண்டுவந்தபோது, இப்படிப் பிள்ளைகளை இல்லங்களுக்குக் கடத்துவதையும் நவீன அடிமைமுறையின் ஒரு வடிவமாகச் சேர்த்துப் பேசியது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையின் குழந்தை உரிமைத் தீர்மானமும் அநாதை இல்லங்களில் தன்னார்வப் பணியால் வரும் கேட்டைத் தொட்டது. நம் ஊரில் அந்த வியாபாரம் இப்போதுதான் விளம்பரமாக வந்து இறங்குகிறது. மற்றவர்கள் கைகழுவும் சரக்கை நாம் முழுப்பக்கத்தில் வரவேற்கிறோம்.

கட்டுரையில் ஒரு இடத்தில், வண்டியை விட்டு இறங்கியதும் குழந்தைகள் ஓடிவந்து கட்டிக்கொண்டதாகவும், பெயர்கூடத் தெரியாமல் மடியில் ஏறி உட்கார்ந்ததாகவும், அந்தப் பாசத்தில் கரைந்துபோனதாகவும் அப்படிப் போய்வந்த ஒரு மாணவி சொல்லியிருந்தார். நம் வீட்டுப் பிள்ளை முன்பின் தெரியாத ஆள் மடியில் போய் உட்கார்ந்தால் நாம் என்ன செய்வோம்? கூப்பிட்டுக் கண்டிப்போம். குழந்தை மனம் தெரிந்தவர்கள் அதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்வதே இல்லை. வருகிறவர் எல்லோரும் போய்விடுகிற இடத்தில் வளர்கிற பிள்ளை, வருகிறவர் எல்லோரிடமும் ஒட்டிக்கொள்ளப் பழகுகிறது. எங்கள் மையத்துப் பிள்ளைகளுக்கு வீட்டில் அப்பா அம்மா உண்டு, அதனால் என்னை ஒரு மாதம் வரை தூரத்தில் நிறுத்தித்தான் பார்த்தார்கள். அதுதான் ஆரோக்கியம். அவர்களுக்குமே பிரிவுகளுக்குப் பஞ்சமில்லை. மூன்றாம் வாய்ப்பாடு சொல்கிற பிள்ளைக்கும் இண்டியானாபோலிஸ் என்ற ஊர்ப் பெயர் தெரியும். ஆயிரக்கணக்கான சின் மக்கள் மறுகுடியேற்றத்தில் போய்ச் சேர்ந்த அமெரிக்க நகரம் அது. திங்கட்கிழமை ஒரு நாற்காலி காலியாக இருந்தால் யாரும் விசாரிக்க மாட்டார்கள், ‘ஃப்ளைட்’ என்பார்கள். 2025 ஜனவரியில் அமெரிக்கா அகதிகள் சேர்க்கையை நிறுத்தியபோது அதுவும் போயிற்று. பெட்டி கட்டி, மையத்தில் விருந்துச் சோறும் போட்டு விடைபெற்ற ஒரு வீட்டுப் பையன் அடுத்த வாரம் அதே சீருடையில் திரும்பி வந்தான். அவனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்த சின் டீச்சர் அவன் பெயரை வருகைப் பதிவேட்டில் அடிக்காமலே வைத்திருந்தார்.

மையத்தின் பெயரை ஏன் எழுதவில்லை என்று பின்னால் சொல்கிறேன் என்றேன். படம் எடுக்கும் விஷயமும் அதோடு சேர்ந்ததுதான். எங்கள் மையத்தில் உள்ளே நுழையும்போதே போனை ஒரு டப்பாவில் போட வேண்டும். ஒரு பிள்ளையின் முகம், பின்னால் ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே கடைப் பலகை, இவ்வளவு போதும் இடத்தைக் கண்டுபிடிக்க. சோதனைக்கு வருகிறவர்களும் ஃபேஸ்புக் பார்ப்பார்கள், ஊரில் விட்டுவந்த சொந்தக்காரர்களைத் தேடுகிறவர்களும் பார்ப்பார்கள். உங்கள் கட்டுரையோடு வந்த படத்தில் பன்னிரண்டு குழந்தைகளின் முகம் பளிச்சென்று தெரிந்தது, கூடவே இல்லத்தின் பெயர்ப் பலகையும். அந்தப் பிள்ளைகளின் பெற்றோரிடம் யாராவது அனுமதி கேட்டிருப்பார்களா? நம் ஊர்ப் பிள்ளையாக இருந்தால், பராமரிப்பு இல்லத்தில் இருப்பவரின் அடையாளத்தை வெளியிட இளைஞர் நீதிச் சட்டமே உங்களை விடாது. காட்மாண்டு பிள்ளை என்றால் பரவாயில்லையா?

காசுக் கணக்கும் பார்த்துவிடுவோம், நமக்குத் தெரிந்தது அதுதானே. மாணவர்களை அனுப்பிவைக்கும் நிறுவனத்தின் கைப்பேசி எண் கட்டுரையில் இருந்தது, அதற்குப் பேசினேன். இரண்டு வாரத்துக்கு ஒன்றரை லட்சம் ரூபாய், விமான டிக்கெட் தனி என்றார்கள். அதில் இல்லத்துக்கு எவ்வளவு போகும் என்று கேட்டதற்கு, ‘மேடம், மெயிலில் அனுப்புகிறோம்’. மெயில் இன்னும் வரவில்லை. ஒன்றரை லட்சம் என்றால், நான் சொன்ன இருபது ரூபாய்க் கணக்கில் ஏழாயிரத்து ஐநூறு ரிங்கிட். நான் சொன்ன சின் டீச்சருக்கு ஏழரை மாதத்துக்கும் மேலான சம்பளம். அத்தனை மாதம் ஒரு டீச்சர் வேறு வேலை தேடாமல் வகுப்பில் நிற்பார். நேபாளத்திலோ, அதே பணம் ஒரு மலைக் கிராமத்து வீட்டில் பிள்ளையைத் தாயோடு வைத்தே படிக்கவைக்கும்.

சரி, இதையெல்லாம் கேட்டும் போக ஆசை இருக்கிற பிள்ளைகள் இருப்பார்கள், இருக்கட்டும். அவர்கள் சில கேள்விகளைக் கேட்டுவிட்டுப் போகலாம். முதலில், உங்களிடம் அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள். எங்கள் மையம் என்னிடம் முதலில் கேட்டது போலீஸ் கிளியரன்ஸ் சான்றிதழ். பாஸ்போர்ட் சேவா மையத்தில் ஐநூறு ரூபாய் கட்டினால் கிடைப்பது. அப்புறம் முன்பு வேலை பார்த்த பள்ளியின் தலைமை ஆசிரியர் எண்ணை வாங்கிப் பேசினார்கள். முதல் சில வாரம் எந்தப் பிள்ளையோடும் என்னைத் தனியாக விடவில்லை, எனக்கு அதில் வருத்தமும் இல்லை. பணத்தை மட்டும் கேட்டுவிட்டு நாளைக்கே பிள்ளைகள் நடுவில் கொண்டுபோய் உட்காரவைக்கிற இடம், நாளை மறுநாள் யாரை வேண்டுமானாலும் அப்படி உட்காரவைக்கும். இரவில் பிள்ளைகள் எங்கே தூங்குகிறார்கள், பெற்றோர் இருக்கிறார்களா, இருந்தால் ஏன் இங்கே, எத்தனை பேர் போன வருடம் வீடு திரும்பினார்கள் என்று கேளுங்கள். அந்த ஊர் டீச்சர் யார், நீங்கள் போகும் இரண்டு வாரம் அவர் என்ன செய்துகொண்டிருப்பார் என்பதையும் மறக்காமல் கேளுங்கள். விடுமுறையா கொடுப்பார்கள்? சம்பளத்தோடா, சம்பளம் இல்லாமலா?

பயிற்சி பெற்ற, ஆறு மாதம் ஒரு வருடம் ஒதுக்க முடிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நம்மிடம் எத்தனையோ பேர். நம்மூர் அரசுப் பள்ளிகளில் கழித்த அனுபவம், ஐம்பது பேர் வகுப்பில் பல நிலைப் பிள்ளைகளை ஒன்றாக வைத்துச் சமாளித்த அனுபவம், இந்த மாதிரி இடங்களில் தங்கம். அவர்கள் போகலாம். வெளிநாடு போகத் தேவையும் இல்லாமல், மாலையில் போனைத் திறந்துவைத்து ஒரு அகதி டீச்சருக்கு எட்டாம் வகுப்புக் கணக்கைச் சொல்லித் தரலாம். பி.காம். படிக்கும் பிள்ளைக்கும் வேலை இருக்கிறது. எங்கள் மையத்தில் வரவுசெலவுக் கணக்கு எழுத ஆளில்லாமல் நன்கொடை விண்ணப்பங்கள் பாதியில் நின்றன. எக்செல் தெரிந்த ஒரு பிள்ளை இங்கிருந்தே அதைச் செய்யலாம். அதில் கட்டிக்கொள்ளக் குழந்தை கிடைக்காது, போடுவதற்குப் படமும் கிடைக்காது.

உங்களுக்கு என் வேண்டுகோள் இரண்டு. அந்தப் படத்தை இணையப் பதிப்பிலிருந்து இன்றே எடுத்துவிடுங்கள். அப்புறம் உங்கள் நிருபர் அந்த நிறுவனத்துக்குப் போன் செய்து, ஒன்றரை லட்சத்தில் எவ்வளவு யாருக்குப் போகிறது என்று கேட்டு, வருகிற பதிலை அதே இணைப்பில், அதே அளவு எழுத்தில் போடட்டும். எனக்கு வராத மெயில் ஒருவேளை பத்திரிகைக்கு வரும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
திருச்சிராப்பள்ளி.